பேரக்குழந்தைகள் தங்க வரும் வார இறுதி: வெள்ளிக்கிழமைக்கு முன்பே செய்ய வேண்டியவை

கேள்வி: எனக்கு 66 வயது. ஸ்ரீரங்கத்தில் கணவருடன் வசிக்கிறேன். சென்னையில் இருக்கும் மகளும் மருமகனும் ஒரு திருமணத்துக்காக வெளியூர் செல்வதால், நான்கு வயதுப் பேத்தியையும் ஒன்றரை வயதுப் பேரனையும் வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை எங்களிடம் விட்டுச் செல்லப் போகிறார்கள். எனக்குச் சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் உண்டு. கணவருக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்தான் என்றாலும், முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் பயமாக இருக்கிறது. நாங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது இருக்க வேண்டிய இடம் வேறு. பிள்ளை வளர்த்த கைக்குப் பழக்கம் விட்டுப்போகாது. மாறியிருப்பது உங்கள் வீடுதான். உங்கள் மகள் தவழ்ந்த நாளில் அந்த வீட்டில் சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் குளுக்கோமீட்டரும் இருந்திருக்காது. இன்று அவையெல்லாம் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இருக்கும். குழந்தை நல மருத்துவராக என் அனுபவத்தில், தாத்தா பாட்டி வீட்டில் நேரும் ஆபத்துகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். ஆகவே சனி, ஞாயிறில் குழந்தைகளுக்கு என்ன விளையாட்டுக் காட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி வீட்டைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் மாத்திரைகளிலிருந்து தொடங்கலாம். கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் ஒன்றரை வயதுக் குழந்தையின் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்துவிடலாம். அந்த விளைவு பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். ஒருமுறை ஞாயிறு மதியம் ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காலையிலிருந்து விளையாடிய பையன் திடீரென்று துவண்டுவிட்டான், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். சர்க்கரையின் அளவைப் பார்த்த பிறகுதான், கிழமை வாரியாகப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஞாயிறு அறை மட்டும் திறந்து கிடந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்த டப்பாக்களைக் குழந்தைகள் எளிதாகத் திறந்துவிடுவார்கள். எல்லா மருந்தையும் பூட்டும் அலமாரிக்கு மாற்றுங்கள். கைப்பையிலும் தலையணைக்கு அடியிலும் வைத்திருப்பதையும் மறக்க வேண்டாம். மாத்திரைகளை எண்ணி வைத்துக்கொள்வதும் நல்லது. ஒன்று குறைகிறது என்ற சந்தேகம் வந்தால், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

பூசையறையின் கீழ்த்தட்டையும் பாருங்கள். கற்பூரம் குழந்தையின் கண்ணுக்குக் கற்கண்டாகத்தான் தெரியும். சிறிதளவு விழுங்கினாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். துணி அலமாரியில் போடும் அந்துருண்டை, கொசுவிரட்டித் திரவம், மண்ணெண்ணெய் ஆகியவையும் மேல்தட்டுக்குப் போக வேண்டும். குளுக்கோமீட்டரிலும் எடை பார்க்கும் கருவியிலும் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரி தொண்டைக்குக் கீழே சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கிவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். குளியலறையில் தண்ணீர் பிடித்த பக்கெட் இருந்தால் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவை வெளியே தாழிடுங்கள். தலை கனமான இந்த வயதில், எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால், அரை பக்கெட் நீரிலும் சத்தமின்றி மூழ்கிவிடும்.

தூளி கட்டுவது உங்கள் விருப்பம். கட்டினால் தரையிலிருந்து தாழ்வாகக் கட்டுங்கள். தூங்கும் குழந்தையைத் தூளியில் தனியே விட்டு அறையை விட்டுப் போகாதீர்கள். ஆள் இல்லாத தூளியில் நான்கு வயதுப் பேத்தி முறுக்கி முறுக்கிச் சுற்றுவாள். அது கழுத்தை இறுக்கும். பயன்படுத்தாதபோது சேலையை அவிழ்த்து வைத்துவிடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இட்லி, ரசம் சாதம், பருப்பு சாதம், தயிர், வாழைப்பழம் என்று அவர்கள் வீட்டில் பழகியதையே கொடுங்கள். எதைக் கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். ‘இன்னும் ஒரு வாய்’ என்று ஆரம்பித்தால்தான் போனைக் காட்ட வேண்டிய நிலை வரும். இரண்டு நாள் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டதால் எந்த ஆரோக்கியமான குழந்தையும் இளைத்துப்போவதில்லை. புரையேறும் பண்டங்களில்தான் கண்டிப்பு வேண்டும்: வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முறுக்கு, சீத்தாப்பழ விதை ஆகியவை பேரன் கையில் சேரக் கூடாது, திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் தர வேண்டும். பேத்தியுடன் பல்லாங்குழி ஆடுவது அருமையான பொழுதுபோக்கு. ஆனால் புளியங்கொட்டைகளைத் தம்பி தூங்கும் நேரத்தில் மட்டும் எடுத்து, எண்ணித் திரும்ப வையுங்கள். புரையேறி நன்றாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், பேரனை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போய்விடும்.

காய்ச்சலுக்கு இந்தக் குழந்தைகளின் மருத்துவர் எழுதிய பாராசிட்டமால் அளவை, இருவருக்கும் தனித்தனியே, மகள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடைகளில் இந்த சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் கிடைக்கிறது. பாட்டில் மாறிவிட்டால் அதே அளவு ஊற்றினாலும் மருந்து இரட்டிப்பாகிவிடும். எனவே அவர்கள் வீட்டு பாட்டிலையே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்கள் வீட்டில் மீதமிருக்கும் இருமல் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் இறங்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுவதும் ஒரு லிட்டர் நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாருங்கள். குழந்தை எதையும் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். ஞாயிறு இரவிலும் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்பதை இப்போதே விசாரித்து வைத்து, தடுப்பூசி அட்டையின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்: பேரன் இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டே தூங்குகிறானா? அப்படியானால் முதல் இரவு கடினமாகத்தான் இருக்கும். மகள் வியாழனே வந்து, ஓரிரவு நீங்கள் தூங்க வைத்துப் பழக்கினால் பெரிய வித்தியாசம் தெரியும். அவள் உடுத்திக் கழற்றிய பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் விட்டுப் போகச் சொல்லி, தூங்கும்வரை அவன் கையில் கொடுங்கள். தூங்கியதும் முகத்தருகே கிடக்காமல் எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது குழந்தையின் கண்ணில் படாமல் நழுவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுதாலும் பரவாயில்லை, ‘போய்ட்டு ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மா மாயமாய் மறைந்துபோனாள் என்று தோன்றினால், அடுத்த இரண்டு நாளும் நீங்கள் அடுக்களைக்குப் போனால்கூடக் காலைக் கட்டிக்கொள்வான்.

கடைசியாக உங்கள் உடல்நிலை. பேரனைக் குனிந்து தூக்காதீர்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவனே மடியேறட்டும். உங்கள் சாப்பாட்டையும் மாத்திரையையும் நேரத்துக்கு முடித்துவிட்டு அவர்களைக் கவனியுங்கள். குழந்தையுடன் தனியாக இருக்கும்போது உங்களுக்குச் சர்க்கரை குறைந்தால் இருவருக்கும் ஆபத்து. இரண்டு நாளும் பெரிய சமையல் வேண்டாம், ஒரு வேளையாவது மெஸ்ஸிலிருந்து வரவழையுங்கள். காலையும் மாலையும் தாத்தா பேத்தியைக் கூட்டிக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தால், அந்த நேரத்தில் நீங்கள் ஒருவனை மட்டும் பார்த்தால் போதும். மதியம் இருவரும் ஒரே நேரத்தில் கண்ணயராமல் முறை வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் படித்த பிறகு இரண்டு இரவு அதிகம் என்று தோன்றினால், மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். முதல் முறை ஓரிரவு மட்டும் வைத்துக்கொள்வதையே நானும் விரும்புவேன்.

ஞாயிறு இரவு அம்மாவைப் பார்த்ததும் பேரன் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், அல்லது இரண்டு நாளாக அழாத அழுகையெல்லாம் அழலாம். இந்த வயதில் அது இயல்பு என்று மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். மருந்து ஏதும் கொடுத்திருந்தால், நேரத்தையும் அளவையும் குறித்த தாளை அவர்கள் கிளம்பும் முன் கையில் கொடுத்துவிடுங்கள்.