இறங்கும்போது மட்டும் ஏன் முழங்கால் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 42. படி ஏறும்போது ஒன்றும் தெரிவதில்லை. இறங்கும்போது வலது முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் கோளாறு இல்லை. போன வருடம் அதே காலில் கணுக்கால் சுளுக்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கலாம். முழங்காலைத் தொடுவதற்கு முன் நான் கணுக்காலைத்தான் பார்ப்பேன்.

மெதுவாக ஒரு படி இறங்கிப் பாருங்கள். கீழே போகிற காலை விடுங்கள், மேல்படியில் நிற்கிற காலைக் கவனியுங்கள். குதிகால் படியில் இருக்க, முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே சாய்கிறது. இந்தச் சாய்வைக் கொடுப்பது கணுக்கால். அது ஓரளவுக்கு மேல் மடங்காவிட்டால் குதிகால் சீக்கிரமே எழும்பும், அல்லது முழங்கால் உள்பக்கமாகச் சரியும். அப்போது சில்லு தன் பள்ளத்தில் நேராக ஓடாமல் ஓரத்தில் அழுத்தும். படியில் சில்லுக்குப் பின்னால் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 3 மடங்கு. ஏறும்போது சாய்வு இவ்வளவு தேவைப்படாது.

சரி, உங்கள் கணுக்கால்தான் காரணமா? சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துங்கள். முழங்கால் சுவரை எட்டுகிற கடைசி இடத்தில், பெருவிரல் நுனியிலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். பலருக்கு 10 செ.மீ. பக்கம் வரும். அந்த எண்ணைவிட இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். வலது காலில் இடதைவிட 2 செ.மீ.க்கு மேல் குறைந்தால் சந்தேகப்படலாம்.

எங்கே பிடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். பின்னால் கெண்டைக்கால் இழுத்தால் அது சதை இறுக்கம். முழங்காலை மடக்கி, குதிகாலை ஊன்றியபடி 30 விநாடி நீட்டுங்கள், தினம் மூன்று முறை. காலை விறைப்பாக வைத்து நீட்டினால் மேல்சதைதான் நீளும். அடியில் இருக்கிற சதைக்குப் போதாது. முன்னால் நறுக்கென்று இடித்தால் நீட்டுவதில் பயனில்லை. அது மூட்டுக்குள் எலும்பு பின்னே நழுவ மறுப்பதாக இருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் கையால் தளர்த்த வேண்டிய விஷயம்.

முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடங்கி விழவைத்தாலோ இதையெல்லாம் விட்டுவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அதுவரை கைப்பிடியைப் பிடித்து, வலிக்கிற காலை முதலில் கீழே வையுங்கள். மேலே நின்று மடங்குகிற வேலை நல்ல காலுக்குப் போய்விடும்.