எண்ணப்படாத முன்னுரிமைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1969 குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிய தங்கள் குறிப்பைப் படித்தேன். முதல் எண்ணிக்கையில் வி.வி.கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி.தேஷ்முக் 1,12,769 என்று வாக்குமதிப்பு பெற்றார்கள் என்றும், எவரும் பாதியைத் தாண்டாததால் அடுத்த முன்னுரிமைகளை எண்ணிய பிறகே கிரி வென்றார் என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். தோற்றுப்போன தேஷ்முக்கை ஆதரித்தவர்களுக்கு மட்டும் இரண்டு வாக்கு, மற்றவர்களுக்கு ஒரு வாக்கு என்று ஆகிவிடவில்லையா? முன்னால் நிற்பவரை அப்போதே அறிவித்திருந்தால் என்ன? கணிதம் படித்த நண்பரிடம் கேட்டேன். எந்தத் தேர்தல் முறையும் குறையற்றதாக இருக்க முடியாது என்று பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ நிரூபித்துவிட்டார், ஆகவே எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான் என்கிறார். எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் பதவிக்கு மூவர் நிற்கிறார்கள். விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால் கேட்கிறேன்.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

இரண்டு வாக்கு என்ற ஐயம் பலருக்கும் வருவதுதான், ஆனால் அது சரியல்ல. இந்த முறையில் வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்; யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் அடுத்த எண் பெற்றவருக்கு மாற்றுகிறார்கள். கடைசிச் சுற்றில் கிரிக்கு முதலிடம் கொடுத்தவரின் சீட்டும் எண்ணப்பட்டது, ரெட்டிக்குக் கொடுத்தவரின் சீட்டும் எண்ணப்பட்டது. அவர்களுடைய முதல் தேர்வு இன்னும் களத்தில் இருந்ததால் அவை இடம் மாறவில்லை, அவ்வளவுதான். எந்தச் சுற்றிலும் எந்தச் சீட்டும் இரண்டு பேர் கணக்கில் ஏறவில்லை. 1969இல் வெற்றிக்கு வேண்டியிருந்த அளவு 4,18,169. முதல் எண்ணிக்கையில் ரெட்டியைவிட 87,967 முன்னால் நின்ற கிரி, கடைசியில் 4,20,077க்கு 4,05,427 என்ற கணக்கில், வெறும் 14,650 வித்தியாசத்தில் வென்றார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் நிறுத்திய தேஷ்முக்கின் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் கிரியைவிட ரெட்டியையே விரும்பினார்கள் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. முதல் எண்ணிக்கையோடு கடையைக் கட்டியிருந்தால், வெற்றி பெற்றவர் அதே கிரிதான் என்றாலும், அந்த வெற்றி எவ்வளவு மயிரிழையில் கிடைத்தது என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த முறையின் உண்மையான குறை நீங்கள் சுட்டிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கிரியின் சீட்டுகளிலும் ரெட்டியின் சீட்டுகளிலும் இரண்டாம் இடத்தில் யார் பெயருக்கு எதிரே எண் இடப்பட்டிருந்தது என்பதை விதிப்படி யாரும் எண்ணவே இல்லை. கிரியின் ஆட்களுக்கு ரெட்டி ஆகாது, ரெட்டியின் ஆட்களுக்குக் கிரி ஆகாது என்றிருந்த அந்தப் பிளவில், இரு தரப்பும் மாற்றாகத் தேஷ்முக்கை ஏற்றிருந்தால், நேருக்கு நேர் போட்டியில் அவர் இருவரையுமே வென்றிருக்கக்கூடும். அப்படி இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் தகவல் சீட்டுகளில் இருந்தது, எண்ணிக்கைத் தாளில் இல்லை.

இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பர்லிங்டன் நகரில் 2009இல் இதே முறையில் மேயர் தேர்தல் நடந்தது. அங்கே சீட்டுகளின் முழு விவரமும் வெளியிடப்பட்டதால் எல்லாவற்றையும் சரிபார்க்க முடிந்தது. முதல் இடங்களில், முன்னணியில் நின்ற மூவரில் கர்ட் ரைட்டுக்கு 2,951, பாப் கிஸ்ஸுக்கு 2,585, ஆன்டி மான்ட்ரோலுக்கு 2,063. மான்ட்ரோல் நீக்கப்பட்ட பிறகு கிஸ் 4,313க்கு 4,061 என்று ரைட்டை வென்று மேயரானார். ஆனால் சீட்டுகளை இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டுப் பார்த்தால், கிஸ்ஸைவிட மான்ட்ரோலை விரும்பியவர்கள் சுமார் 54 சதவீதம், ரைட்டைவிட அவரை விரும்பியவர்கள் சுமார் 56 சதவீதம். இருவரையும் தனித்தனியாக வெல்லக்கூடியவர்தான் அந்த மூவரில் முதலில் வெளியேறினார். இன்னும் விபரீதம் ஒன்று உண்டு: ரைட்டின் ஆதரவாளர்களில் 750 பேர் அளவில் மனம் மாறி கிஸ்ஸுக்கே முதலிடம் கொடுத்திருந்தால், ரைட் முன்னதாக நீக்கப்பட்டு, மான்ட்ரோலிடம் கிஸ் தோற்றிருப்பார். ஆதரவு கூடியதால் தோல்வி! 2010இல் அந்நகரத்தார் வாக்கெடுப்பு நடத்தி அந்த முறையையே கைவிட்டார்கள்.

அப்படியானால் முன்னால் நிற்பவரை அறிவிப்பதே மேல் என்று நீங்கள் சொல்லலாம். நூறு பேர் கொண்ட ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேர் அ, ஆ, இ என்றும், 35 பேர் ஆ, இ, அ என்றும், 25 பேர் இ, ஆ, அ என்றும் வரிசைப்படுத்துகிறார்கள். முன்னால் நிற்பவர் அ. ஆனால் 60 பேர் அவரைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். ஆ எதிர்த்தாலும் இ எதிர்த்தாலும் அவர் 60க்கு 40 என்று தோற்பார். எல்லோரிடமும் தோற்கும் ஒருவரை வெற்றி பெற்றவர் என்று அறிவிப்பதைவிட மோசமான பிழையை ஒரு தேர்தல் விதி செய்துவிட முடியாது என்பது என் எண்ணம். குடியரசுத் தலைவர் தேர்தல் முறையில் இது நடக்க வழியில்லை, ஏனென்றால் கடைசியில் மிஞ்சும் இருவரில் ஒருவர் மற்றவரை நேருக்கு நேர் வென்றாக வேண்டும். பர்லிங்டன் கைவிட்ட முறைக்கு இந்த நற்பெயராவது உண்டு. அது அப்போது திரும்பிப்போன, 40 சதவீதம் பெற்று முன்னால் நின்றாலே வெற்றி என்ற பழைய முறைக்கு இதுவும் முழுமையாக இல்லை.

இரண்டிரண்டாக ஒப்பிடும் யோசனை பிரெஞ்சுக் கணித அறிஞர் காண்டோர்செ 1785இல் எழுதியது. வேட்பாளர்களைப் புள்ளிகளாக வைத்து, ஒவ்வொரு ஜோடியிலும் வென்றவரிடமிருந்து தோற்றவரை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டால், தேர்தல் முழுவதும் ஒரு வலைப்படமாகிவிடும். ஒரு புள்ளியிலிருந்து எல்லா அம்புகளும் வெளியே போனால் பிரச்சினையே இல்லை, அவர்தான் தலைவர். சிக்கலையும் காண்டோர்செவே கண்டார். மூன்றில் ஒரு பங்கினர் அ, ஆ, இ என்றும், இன்னொரு பங்கினர் ஆ, இ, அ என்றும், மீதிப் பேர் இ, அ, ஆ என்றும் எழுதினால், அ ஆவை வெல்கிறார், ஆ இயை வெல்கிறார், இ அவை வெல்கிறார். அம்புகள் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. தனி மனிதர் ஒருவர் இப்படி விரும்பினால் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்போம். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் தெளிவாகத்தான் யோசித்திருக்கிறார்கள், கூட்டிப் பார்த்த இடத்தில்தான் சுழல் பிறக்கிறது. மூன்று புள்ளிகளுக்கு அம்பு போடும் வழிகள் எட்டு, அவற்றில் இரண்டு மட்டுமே சுழல்கள். புள்ளிகள் எத்தனையானாலும், எந்த வலைப்படத்தை வரைந்தாலும் அதைத் தரக்கூடிய வாக்காளர் கூட்டம் ஒன்றை அமைக்க முடியும் என்று மெக்கார்வி என்பவர் 1953இல் நிறுவினார். ஆகவே சுழல் வராது என்று கணிதத்தின் பேரில் உறுதி கொடுக்க முடியாது.

இப்போது உங்கள் நண்பரிடம் வருகிறேன். 1951இல் நூலாக வெளியான ஆரோவின் தேற்றம், எல்லா முறையும் ஒன்றுதான் என்று எங்கும் சொல்லவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்கள் இருக்கும்போது, எல்லோரும் ஒருவரை இன்னொருவருக்கு மேலே வைத்தால் முடிவும் அப்படியே அமைய வேண்டும், இருவரில் யார் மேல் என்பது அந்த இருவரைப் பற்றிய கருத்துகளை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும், தனி ஒருவரின் விருப்பமே முடிவாகிவிடக் கூடாது என்ற நிபந்தனைகளை, வாக்காளர்கள் எப்படி வரிசைப்படுத்தினாலும் நிறைவேற்றக்கூடிய ஒரு தரவரிசை முறை கிடையாது என்பதே அது. அழுத்தம் ‘எப்படி வரிசைப்படுத்தினாலும்’ என்பதில் இருக்கிறது. சுழலும் சமநிலையும் இல்லாத தேர்தல்களில் ஜோடி ஒப்பீடு இவை அனைத்தையும் நிறைவேற்றிவிடுகிறது. ஆரோவின் தடை சுழல் வரும் இடத்தில்தான் அதை மறிக்கிறது. நூறு முறை எண்ணினால் எங்கோ ஓரிடத்தில் தடுமாறும் விதியையும், கண்ணெதிரே எல்லோரிடமும் தோற்பவரை அரியணையில் ஏற்றும் விதியையும் ஒரே தட்டில் வைப்பதற்கு அந்தத் தேற்றத்தை மேற்கோள் காட்டுவது, படித்தவர்களின் சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் சங்கத்துக்கு ஜோடி ஒப்பீட்டையே பரிந்துரைப்பேன். மூவர் என்றால் மூன்று ஜோடிகள்தான். ஒவ்வொரு சீட்டையும் பிரித்து மூன்று கோடுகள் போட்டால் வேலை முடிந்தது. சுழல் வந்தால் என்ன செய்வது என்பதைச் சீட்டுப் பெட்டி திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்: மூன்று வெற்றிகளில் வித்தியாசம் மிகக் குறைந்ததை நீக்கிவிட்டு, அதில் தோற்றவரை வென்றவராக அறிவிக்கலாம். இந்தத் துறையில் பேசப்படும் நுட்பமான முறைகள் பலவும் மூன்று வேட்பாளர்கள் என்ற அளவில் இதே விடையைத்தான் தருகின்றன. வித்தியாசங்களும் சமமாக இருந்தால் குலுக்கல்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இலங்கையில் 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் முதல்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. முதல் இரண்டு இடங்களில் இல்லாத வேட்பாளர்கள் பெற்றிருந்த வாக்குகள் 33 லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 1,05,264, சஜித் பிரேமதாசவுக்குச் சேர்ந்தவை 1,67,867. ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. மற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே பெயரைக் குறித்ததோடு நிறுத்திவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எனவே சீட்டில் 1, 2 என்று இரண்டு எண்களாவது இருக்க வேண்டும், மூன்றாவது தானாகவே அமைந்துவிடும் என்று சீட்டின் தலைப்பிலேயே அச்சிட்டுவிடுங்கள். ஒரு எண் மட்டும் இட்ட சீட்டைச் செல்லாது என்று தள்ளாமல், குறிக்கப்படாத இருவரும் அந்த வாக்காளருக்குச் சமம் என்று கொண்டு, அவர்களுக்கிடையிலான ஜோடியில் மட்டும் அதைச் சேர்க்காமல் விடுங்கள்.