ஒரு டிரைவ் தனியாகப் பதில் தருகிறது, ஆறையும் சேர்த்தால் டைம்அவுட்: ஆர்எஸ்-485 லைனில் கோளாறு எங்கே?

கேள்வி: சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கட்டடத்தில் ஏசி பம்ப்புகளுக்கு 6 டெல்டா விஎஃப்டி-இ டிரைவ்கள் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகள்), ஒரே ஆர்எஸ்-485 சீரியல் லைனில். லேப்டாப், யூஎஸ்பி கன்வெர்ட்டர், பைதான் கொண்டு மாட்பஸ் ஆர்டியூவில் (கருவிகளோடு கேள்வி-பதிலாகப் பேசும் முறை) வேகம் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்தால் வேலை செய்கிறது. ஆறையும் இணைத்தால் டைம்அவுட். மோட்டார் ஓடும்போது இன்னும் மோசம். புரோகிராமில் எதை மாற்றுவது?

பதில்:

புரோகிராமை இப்போது தொடாதீர்கள். ஒரு டிரைவோடு ஓடிய புரோகிராம் ஆறோடு ஓடவில்லை என்றால் பெரும்பாலும் லைன்தான் காரணம்.

முதலில் முகவரி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லா டிரைவுக்கும் முகவரி 1. மாற்றாமல் இணைத்தால் ஒரே கேள்விக்கு ஆறும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். ஒன்றின் மேல் ஒன்று விழும் பைட்டுகள் சிதையும், சிஆர்சி (செய்தியின் கடைசியில் வரும் பிழை சோதனை எண்) பொருந்தாது. கீபேடில் முகவரிக்கான பாரமீட்டர் 09.00. அதில் ஒவ்வொரு டிரைவுக்கும் 1 முதல் 6 வரை வெவ்வேறு எண் வைத்து, அந்த எண்ணைப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். அதே நேரத்தில் 09.01 வேகத்தையும் 09.04 வடிவத்தையும் ஆறிலும் பாருங்கள். இந்த மாடல் ஆஸ்கி வடிவத்தில், 7 பிட்டில் அமைந்து வருகிறது. ஆர்டியூவுக்கு 09.04-ல் 4 (8 பிட், ஈவன் பேரிட்டி, 1 ஸ்டாப்) வையுங்கள். உங்கள் முதல் டிரைவில் இதை மாற்றியிருப்பீர்கள், மற்ற ஐந்தில் மாற்றினீர்களா என்பதே கேள்வி.

அடுத்தது 120 ஓம். லைனின் இரண்டு முனைகளில் மட்டுமே டெர்மினேஷன் ரெசிஸ்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டர்) இருக்க வேண்டும். சில கன்வெர்ட்டர்களிலும் சில டிரைவ்களிலும் அது உள்ளேயே சுவிட்சோடு இருக்கும். வயரிங் செய்தவர் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று போட்டிருக்கவும் கூடும். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கன்வெர்ட்டரைக் கழற்றாமல், இரண்டு டேட்டா வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சுமார் 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் இல்லை. 20 என்றால் ஆறு இடத்தில் இருக்கிறது. 54 ஓம் சுமையில் 1.5 வோல்ட் தருவதுதான் ஆர்எஸ்-485 டிரைவரிடம் (சிக்னலை லைனில் அனுப்பும் சிப்) தரநிலை கேட்பது. 20 ஓமில் அந்த வோல்ட்டேஜ் சரிந்துவிடும். "ஒன்று ஓடுகிறது, ஆறு ஓடவில்லை" என்ற புகாருக்கு, முகவரிக்கு அடுத்து நான் சந்தேகிப்பது இதைத்தான்.

இதைத் தொடுவதற்கு முன் ஒன்று. 400 வோல்ட் சப்ளையில் டிரைவின் உள்ளே டிசி பஸ் சுமார் 565 வோல்ட். சப்ளையை நிறுத்தினாலும் கெப்பாசிட்டரில் அது மிச்சம் இருக்கும். கவரில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழிந்த பிறகு, மீட்டரால் அளந்து பார்த்துவிட்டே கையை வையுங்கள். பவர் பக்க வயரிங் எல்இடபிள்யூவின் (உரிமம் பெற்ற மின் பணியாளர்) வேலை, அதை நீங்கள் செய்ய வேண்டாம். இந்த டிரைவில் கம்யூனிகேஷன் சாக்கெட் ஆர்ஜே வகை என்பதால் பார்க்க நெட்வொர்க் சாக்கெட் போலவே இருக்கும். அதில் டிசி சப்ளை பின்னும் இருப்பதால் லேப்டாப்பின் லேன் போர்ட்டில் செருகக் கூடாது.

வயர் ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்கு மாலை கோர்ப்பதுபோல் போக வேண்டும். ஒரே டெர்மினல் பிளாக்கிலிருந்து ஆறு கிளைகளாகப் பிரிக்கக் கூடாது. ஆனாலும் 9600 வேகத்தில் 30 மீட்டர் லைன் என்றால் சிக்னல் எதிரொலி பெரிதாகத் தொல்லை தராது. அந்தத் தூரத்தில் வயரிங்கைப் பிரித்து மறுபடி போடும் முன் பயாஸைப் பாருங்கள், அதாவது லைன் சும்மா இருக்கும்போது அதில் நிற்கும் வோல்ட்டேஜை. யாரும் பேசாத நேரத்தில் லைன் இரண்டுக்கும் இடையே குறைந்தது 200 மில்லிவோல்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சலே பைட்டாகப் படிக்கப்படும். ஒரே ஒரு இடத்தில் 5 வோல்ட்டிலிருந்து பிளஸ் வயருக்கு 560 ஓம், மைனஸ் வயரிலிருந்து காமனுக்கு (0 வோல்ட் வயர்) 560 ஓம் போட்டால் சுமார் 250 மில்லிவோல்ட் நிற்கும். ஏ, பி என்ற பெயர்களை நம்ப வேண்டாம், தயாரிப்பாளர்கள் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். பிளஸ், மைனஸ் குறியைப் பாருங்கள். எந்த டிரைவும் பதில் தராவிட்டால் கன்வெர்ட்டரில் மட்டும் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், எதுவும் எரியாது.

மோட்டார் ஓடும்போது மோசமாகிறது என்றால் டேட்டா கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரங்கிங்கில் போகிறதா என்று பாருங்கள். குறைந்தது 30 சென்டிமீட்டர் இடைவெளி, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக. பலரும் இரண்டே வயர் போடுகிறார்கள். மூன்றாவது வயர், அதாவது காமன், கட்டாயம் வேண்டும். ரிசீவர் தாங்கும் பொது வோல்ட்டேஜ் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வரைதான். காமன் இல்லாமல் டிரைவ்களின் எர்த் ஒன்றுக்கொன்று விலகினால் அந்த எல்லை எளிதில் தாண்டும். டேட்டா கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் எர்த் செய்யுங்கள். மோட்டார் கேபிளின் ஷீல்டு மட்டும் இரண்டு முனையிலும் எர்த் ஆக வேண்டும். ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் (லேப்டாப் பக்கத்தையும் லைன் பக்கத்தையும் மின் தொடர்பில்லாமல் பிரிப்பது) வாங்குங்கள், சிம் லிம் டவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சாதாரண கன்வெர்ட்டரில் சேமிக்கும் பணம் ஒரு லேப்டாப்பின் விலையாக முடியலாம். மொட்டைமாடி கூலிங் டவர் அருகே பெட்டி இருந்தால் டெர்மினலில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி புரோகிராம். டிரைவ் என்ன சொல்கிறது என்பதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முழு மௌனம் என்றால் முகவரி, வேகம், பேரிட்டி, வயர் அல்லது சிஆர்சி தவறு. சிஆர்சி தவறான கேள்வியை டிரைவ் கண்டுகொள்ளாது. பங்ஷன் கோடு 3-க்கு (ரெஜிஸ்டரைப் படிக்கும் கட்டளை) 131, அதாவது 3-உடன் 128 கூட்டிப் பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, கேட்டதைத்தான் டிரைவ் மறுக்கிறது. அடுத்த பைட் 2 என்றால் அந்த ரெஜிஸ்டரே (டிரைவ் ஒரு மதிப்பை வைத்திருக்கும் எண்ணிட்ட இடம்) இல்லை. இந்தத் தவறு பெரும்பாலும் ஹெக்ஸ் எண்ணைத் தசமமாக எழுதியதால் வருகிறது. கட்டளை ரெஜிஸ்டர் ஹெக்ஸில் 2000, தசமத்தில் 8192. அதிர்வெண் 8193. ஓடும் அதிர்வெண்ணைப் படிக்க 8451. 8193-ல் 5000 எழுதினால் 50.00 ஹெர்ட்ஸ். 8192-ல் 18 எழுதினால் முன்னோக்கி ஓடும், 1 எழுதினால் நிற்கும். இவை வேலை செய்ய 02.00-ல் 3, 02.01-ல் 3 இருக்க வேண்டும். 40001 வகை எண் தரும் கையேடு என்றால் 40001-ஐக் கழித்து அனுப்புங்கள்.

வேகத்தை 8193-ல் எழுதுங்கள், பாரமீட்டரில் எழுதாதீர்கள். பாரமீட்டர் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) பதிவாகும். அது ஒரு லட்சம் முறை தாங்கும் வகை என்றால், வினாடிக்கு ஒரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.

நேரக் கணக்கையும் போடுங்கள். 9600-ல் ஒரு பைட்டுக்கு 11 பிட், 1.15 மில்லிவினாடி. கேள்வி 8 பைட், 4 ரெஜிஸ்டருக்கான பதில் 13 பைட், இரண்டுக்கும் 24 மில்லிவினாடி. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் 3.5 எழுத்து அமைதி, அதாவது 4 மில்லிவினாடி. டிரைவ் யோசிக்கும் நேரமும் சேர்த்து ஒரு டிரைவுக்கு 40 என்று வைத்தால் ஆறுக்கும் கால் வினாடி. எஃப்டிடிஐ சிப் கன்வெர்ட்டர் என்றால் லேட்டன்சி டைமர் (வந்த பைட்டுகளை லேப்டாப்புக்கு அனுப்பும் முன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிவினாடியில் இருக்கும்; அதை 1 ஆக்குங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு டிரைவைப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். உங்கள் புரோகிராம் அதற்கு 3 வினாடி காத்திருந்து, மூன்று முறை திரும்பக் கேட்டால் மொத்தம் 12 வினாடி. அதுவரை மற்ற ஐந்துக்கும் எந்தச் செய்தியும் போகாது. 09.03-ல் (செய்தி வராமல் டிரைவ் காத்திருக்கும் நேரம்) 5 வினாடி வைத்திருந்தால் நன்றாக ஓடும் ஐந்தும் கம்யூனிகேஷன் ஃபால்ட்டில் போய்விடும். அதனால் டைம்அவுட் 200 மில்லிவினாடி, மறுமுயற்சி ஒன்று. பதில் தராத டிரைவை ஒதுக்கி 30 வினாடிக்கு ஒருமுறை மட்டும் கேளுங்கள்.

அதற்காக 09.03-ஐ 0-வில் விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலை அமைப்பில் அது 0; செய்தி நின்றால் என்ன செய்வது என்று சொல்லும் 09.02-ல் 3. அதாவது லேப்டாப் தொங்கினாலும் வயர் அறுந்தாலும் மோட்டார் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், எச்சரிக்கைகூட வராது. 09.03-ல் 5, 09.02-ல் 1 வைத்தால் எச்சரித்துவிட்டு வேகம் குறைத்து நிற்கும், பம்ப்புக்கு அது பொருந்தும். அவசர நிறுத்தம் மட்டும் சீரியல் லைன் வழியாக வேண்டவே வேண்டாம், தனி வயரில் கான்டாக்டருக்குப் போகட்டும்.

அமைத்த பிறகு, மோட்டார் 20 ஹெர்ட்ஸில் ஓடும்போது கன்வெர்ட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்குங்கள். ஆறும் 5 வினாடியில் வேகம் குறையத் தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் டிரைவில் 09.02, 09.03 இரண்டையும் மறுபடி பாருங்கள்.