துப்பறிவாளர் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் குற்ற நாவல் ஒன்றின் திரைப்பட உரிமையைத் தயாரிப்பாளர் ஒருவருக்கு விற்றேன். அதே துப்பறிவாளர் வரும் என் அடுத்த நாவலை ஒலித்தொடராக்க நான் அனுமதி அளித்ததும், கதாபாத்திரமும் தமக்கே சொந்தம் என்று அவர் தடுக்கிறார். இது சரியா?

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி எழுதித் தராதவரை சரியன்று என்பதே என் உறுதியான எண்ணம். ஏறத்தாழ இதே வாதத்தை 1954இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்க மறுத்திருக்கிறது. டாஷியல் ஹாமெட் தம்முடைய 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலின் திரைப்பட உரிமையை 1930இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு அளித்திருந்தார். பிற்பாடு, அதில் வரும் துப்பறிவாளர் சாம் ஸ்பேடை வைத்துப் புதிய வானொலித் தொடர் ஒலிபரப்பானபோது, நாவலோடு அவரும் தனக்கு வந்துவிட்டதாக அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தங்களில் நெடிய அனுபவம் கொண்ட ஒரு நிறுவனம் கதாபாத்திரத்தை வெளிப்படையாகக் கேட்டு வாங்காதபோது, அதையும் சேர்த்தே எழுத்தாளர் விற்றார் என்று கருத முடியாது எனத் தீர்ப்பாயிற்று. தாம் படைத்தவர்களை அடுத்தடுத்த கதைகளில் எழுத்தாளர் பயன்படுத்துவது இயல்பே என்பதையும் நீதிபதிகள் கருத்தில் கொண்டார்கள்.

ஆனால் அதே தீர்ப்பில் உங்களைக் கவலைப்பட வைக்கும் ஒரு பகுதியும் உண்டு. கதாபாத்திரமே கதையாக இல்லாமல், கதையை நகர்த்தும் சதுரங்கக் காயாக மட்டும் இருந்தால், அதற்குத் தனியே பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று அது கூறியது. பிறர் உங்கள் துப்பறிவாளரை எடுத்தாளும்போது இக்கருத்து உங்களுக்கு எதிராகவும் திரும்பக்கூடும். இதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. தழுவலுக்கு அனுமதி தரும் உரிமை படைப்பாளிக்கே உரியது என்பதைப் பெர்ன் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு (பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் அது) உறுதி செய்தாலும், அவ்வுரிமையில் எந்தப் பகுதி கைமாறியது என்பதை உங்கள் கையெழுத்துள்ள தாள்தான் சொல்லும்.

ஆகவே ஒப்பந்தத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். 'கதாபாத்திரங்கள்', 'தொடர்ச்சிகள்', 'அனைத்து ஊடகங்கள்' ஆகிய சொற்கள் இருந்தால் தயாரிப்பாளரின் கை வலுவானது. திரைப்படம் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்த வரியை எடுத்துக்காட்டி வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒலித்தொடரில் முதல் நாவலின் நிகழ்வுகளை மறுபடி சொல்வதை மட்டும், ஒப்பந்தம் தெளிவாகும் வரை தவிர்த்துவிடுங்கள்.