கிளீட் சப்பாத்தோடு கடைத்தெருவில் நடக்க முடியுமா?

கேள்வி: தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு ரோட் சைக்கிளில் போய் வருகிறேன். சப்பாத்தைப் பூட்டிப் பிடிக்கும் கிளிப்லெஸ் பெடல், அதற்குரிய சப்பாத்து; அடியில் பெடலில் மாட்டும் கிளீட் என்ற கட்டை இருக்கும். வங்கி, தபாற்கந்தோர், மரக்கறிக் கடை என்று இறங்கி நடந்தால் கால் சறுக்குகிறது. வங்கியின் டைல்ஸ் தரையில் விழப் பார்த்தேன். கெண்டைக்காலும் இழுக்கிறது. விலை கூடிய காபன் சப்பாத்து வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காபன் அடி இன்னும் விறைப்பானது, வளையவே வளையாது. மிதிப்பதற்கு அது நல்லது, நடப்பதற்கு இப்போது இருப்பதைவிட மோசம்.

உங்கள் சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணமாக மூன்று துளையும் அதன்மேல் புடைத்து நிற்கும் பிளாஸ்டிக் கட்டையும் இருக்கும் என்று நினைக்கிறேன். பனிச்சறுக்குச் சாமான் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984இல் போட்டிக்காரர்களுக்காகக் கொண்டுவந்த முறையின் வழியில் வந்தது அது. போட்டிக்காரர் வழியில் இறங்கி கோவா வாங்கப் போவதில்லையே. கட்டை முன்பாதத்தைத் தூக்குவதால் குதிகால் தாழ்கிறது. ஏற்றத்தில் நடந்தால் கெண்டைக்கால் இழுக்காமல் என்ன செய்யும்?

உங்களுக்கு வேண்டியது எஸ்.பி.டி என்ற பெடல், கிளீட் முறை. மலைச் சைக்கிளுக்காக 1990இல் ஷிமானோ வெளியிட்டது. மலைச் சைக்கிள்காரர் சேற்றில் இறங்கித் தள்ள வேண்டும் என்று தெரிந்தே செய்தார்கள். சிறிய இரும்புக் கிளீட், இரண்டே ஆணி. அது சப்பாத்தின் றப்பர் அடிக்குள் பதிந்திருக்கும், நடக்கும்போது தரையில் படுவது றப்பர்தான். சப்பாத்தோடு பெடலையும் மாற்ற வேண்டும்.

பெடலை மாற்ற வேண்டாம், அல்லது சப்பாத்தை மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். மூன்று துளைச் சப்பாத்தில் எஸ்.பி.டி கிளீட்டைப் பொருத்த ஒரு அடப்டர் தகடு விற்கிறார்கள். பொருந்தும், ஆனால் இரும்பு இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். இன்னொன்று, இரண்டு வகைத் துளையும் போட்டு 'ரெண்டுக்கும் சரி' என்று வரும் மலிவுச் சப்பாத்து. அடி தட்டையாக இருந்தால் கிளீட்டுக்குப் பக்கத்தில் றப்பரே இருக்காது. அதைப் போட்டுக்கொண்டு சிமெந்துத் தரையில் நடப்பது வெறும் இரும்பில் நடப்பதுதான். மூன்றாவது கூத்து, கிளீட்டுக்குத் தனிக்காசு கேட்பது. ஷிமானோவின் எஸ்.பி.டி பெடல் பெட்டிக்குள் வழக்கமாகக் கிளீட் இருக்கும். பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

கிளீட்டைப் பூட்டிய பிறகே சப்பாத்தைச் சோதியுங்கள். போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து பாருங்கள். இரும்பு எப்போதாவது 'டக்' என்றால் பரவாயில்லை, பாதம் ஆடினால் வேண்டாம். குதியையும் நுனியையும் பிடித்து வளைத்தால் விரல் பக்கம் கொஞ்சமாவது வளைய வேண்டும்.

இப்போதைக்குக் காசில்லை, பழையதையே வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது: கிளீட்டுக்கு மேல் மாட்டும் றப்பர் உறை. ஆனால் உங்கள் கிளீட் எந்த வகை என்று பார்த்து அதற்கென்று செய்ததையே கேளுங்கள், லுக் உறை ஷிமானோவின் மூன்று துளைக் கிளீட்டுக்கு ஒழுங்காக உட்காராது. இறங்கிய உடனே மாட்டுங்கள், நான்கு அடி நடந்த பிறகு அல்ல. கிளீட்டில் மண் ஒட்டியிருந்தால் முதலில் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உறை சேற்றில் கழன்று கிடக்கும், நீங்கள் பாண் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்கள். ஏறும் முன் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். இவ்வளவு செய்தாலும் சறுக்கல்தான் குறையும், குதிகால் தாழ்ந்தபடியே இருக்கும். வழியில் ஒரு தேத்தண்ணிக்கு மட்டும் இறங்குகிறவருக்கு இது போதும். மூன்று கடை ஏறி இறங்குகிற உங்களுக்குப் போதாது.

நம் டவுன்களில் நடைபாதை என்பது பல இடங்களில் கானுக்கு மேல் போட்ட கொங்கிறீட் மூடிதான். அதிலும் ஒன்று உடைந்திருக்கும், ஒன்று காணாமல் போயிருக்கும். வங்கி வாசலில் சைக்கிளைப் பூட்ட ஒரு கம்பி நட்டிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் நடக்கவே வேண்டாம். வாகனம் நிறுத்த இடம் ஒதுக்குகிறவர்களுக்குச் சைக்கிள் கண்ணில் படுவதில்லை. எழுதிக் கொடுத்தாலும் கோப்புக்குள் போய்விடும். ஆகவே சப்பாத்தைத்தான் நாம் திருத்த வேண்டியிருக்கிறது.

நடக்க நடக்க கிளீட் ஆணி இளகும். மாதம் ஒருமுறை 4 மி.மீ அலன் கீயால் இறுக்கிப் பாருங்கள். வட்டவளைப் பக்கம் பெய்கிற மழைக்கு ஆணி துருப்பிடித்து இறுகியும் விடும். பூட்டும்போது மரையில் கிறீஸ் தடவுங்கள். ஆணித் தலைக் குழியில் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினால் மண் அடையாது, பிறகு ஊசியால் கிண்டி எடுத்துவிடலாம்.

பழைய பெடலை நீங்களே கழற்றுவதானால், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும். வழக்கமான திசையில் பலங்கொண்டு திருகினால் இன்னும் இறுகும், அதற்கு மேலும் அடம்பிடித்தால் பெடல் பூட்டியிருக்கும் கிராங்கின் மரையே போய்விடும்.