பிளேட்லெட் குறைந்தால் ஏற்ற வேண்டாமா?

என் மகனுக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, பிளேட்லெட் 48,000. டாக்டர் பிளேட்லெட்டும் ஏற்றவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. ஏன்?
வாசகி, தென்காசி

இரண்டு முடிவுமே சரி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் என்பது முழு செல் அல்ல. எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. ஒரு செல்லிலிருந்தே ஆயிரத்துக்கு மேல் வரும். ஆயுள் 7 முதல் 10 நாள். டெங்கு வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியைச் சில நாள் மந்தமாக்குகிறது. ரத்தத்தில் ஓடுபவற்றை நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அழிக்கிறது. வெளியிலிருந்து ஏற்றினாலும் அவற்றுக்கும் அதே கதிதான். அதனால் ரத்தக்கசிவு இருந்தாலோ, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே போனாலோதான் பெரும்பாலும் ஏற்றுவார்கள். மஜ்ஜை விழித்துக்கொண்டதும் எண்ணிக்கை தானே ஏறிவிடும்.

வீட்டுக்கு அனுப்பாததற்குக் காரணம், காய்ச்சல் விட்ட பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவில் ஆபத்தானது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறும், ரத்தம் கெட்டியாகும். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பி.சி.வி.யைப் பாருங்கள், அது ரத்தத்தில் செவ்வணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 38 இருந்தது 46 ஆகியிருந்தால் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றம், கசிவு நடக்கிறது என்று அர்த்தம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் ஊசி மூன்றும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும்.

பப்பாளி இலைச் சாறு பிளாஸ்மா கசிவை நிறுத்தாது. கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால், அது சாற்றாலா நோயாலா என்று டாக்டர் குழம்ப வேண்டியிருக்கும்.

மாஸ்டர் செக்கப்பில் பிளேட்லெட் 35,000 என்று வந்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.
வாசகர், ஈரோடு

முதலில் பரிசோதனையையே சந்தேகப்படலாம். ஊதா மூடிக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். மெஷின் அந்தக் கட்டிகளை பிளேட்லெட்டாக எண்ணாது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி (ஸ்மியர்) மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள், கட்டிகள் கண்ணுக்கே தெரியும். பிறகு ஈ.டி.டி.ஏ.வுக்குப் பதில் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குவார்கள். அதிலும் குறைவாகவே இருந்தால் ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள்.

வெள்ளையணு 14,500. ரத்தப் புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது.
வாசகர், மதுரை

வெள்ளையணுக்களில் எந்த வகை எவ்வளவு என்று காட்டும் டிஃபரன்ஷியல் கவுன்ட் இல்லாமல் இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதில் நியூட்ரோஃபில் வகை கூடியிருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோஃபில்களை அது கழற்றிவிடும், எண்ணிக்கை எகிறும். ஈசினோஃபில் வகை கூடியிருந்தால் அலர்ஜி அல்லது குடல் புழு. ‘பிளாஸ்ட்’ என்ற முதிராத செல்கள் இருப்பதாக ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

ரத்த தானம் செய்தால் மறுநாளே ஊறிவிடும் என்கிறார்களே?
வாசகி, கும்பகோணம்

ஊறுவது பிளாஸ்மா, அதற்கு ஓரிரு நாள் போதும். செவ்வணுக்கள் பழைய அளவுக்கு வர 4 முதல் 8 வாரம். இரும்புச்சத்துதான் மெதுவாகத் திரும்பும். ஒரு தடவை கொடுக்கும் 350 மில்லி ரத்தத்தோடு சுமார் 150 மி.கி. இரும்பு போகிறது, குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ 1 முதல் 2 மி.கி.தான். ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம் இடைவெளி வைத்திருப்பது இதனால்தான். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது.