மாமா சொன்ன மருத்துவமும் மகள் எடை போட்ட மண்ணும்

மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் மாதத்தில், மேற்படிப்பைப் பற்றி யோசனை கேட்க வருபவர்களால் சுங்கை சிப்புட்டிலுள்ள என் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். இவ்வாண்டு வந்தவர்களுள் ஒரு குடும்பத்தைப் பற்றி அவர்களின் அனுமதியுடன் எழுதுகிறேன். தந்தை செம்பனை ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். மகள் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறாள். கோலாலம்பூரில் இருக்கும் பெரிய மாமா, அவளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைத்தே தீர வேண்டும் என்று முகவர் ஒருவரின் கட்டணப் பட்டியலை வாட்சாப்பில் அனுப்பிவிட்டார். தோட்டத்தை விட்டு வந்தபின் தாமான் குடியிருப்பில் வாங்கிய வீட்டை அடகு வைப்பது, சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்ததை எடுப்பது என்று பேச்சு அதுவரை போயிருந்தது.

"பயமாத்தான் சார் இருக்கு. ஆனா, கெட்டிக்காரப் பிள்ளைய அப்பன் படிக்க வைக்கலன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது" என்றார் தந்தை.

பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் முதலில் வழக்கமான ஆறுதலைத்தான் சொன்னேன். கட்டணப் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தபின் அந்த ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். இந்தக் குடும்பம் பயப்படத்தான் வேண்டும். அந்தப் பயம் நியாயமானது.

மாமாவின் மனத்தில் இருப்பது அவர் இளைஞராக இருந்த காலத்து மருத்துவர்: பட்டம் பெற்றவுடன் அரசாங்கத்தில் நிரந்தர வேலை, ஓய்வூதியம், ஊரில் மரியாதை. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் அரசாங்கச் சேவைக்கு எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளிநடப்புச் செய்ததை நாடே பார்த்தது. மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர் தனித் தேர்வு ஒன்றையும் தாண்டியாக வேண்டும். மருத்துவத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. அந்தப் பெண் அதைத்தான் விரும்புகிறாள் என்றால், வீட்டை அடகு வைக்காமல் அங்கே போய்ச் சேரும் வழியை அவளோடு உட்கார்ந்து நானே தேடியிருப்பேன். ஆனால் அன்று ஒரு மணி நேரத்தில் மருத்துவம் என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

அவள் பேசியது மைலோ டின்களைப் பற்றி. அப்பாவின் ஆலை வாசலில் காவல் நிற்கும் நேபாளத்துக்காரர், தம் ஊரில் படிவயலுக்கு மேலிருந்த ஊற்று வற்றிப்போனதால்தான் வேலை தேடி இங்கே வந்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறார். மழை முன்போலவே பெய்கிறது, மண்தான் காய்கிறது என்றாராம். அது எப்படி என்ற கேள்வி அவளை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டிலும் சரிவிலும் சாக்கடை ஓரத்திலும் மண்ணைத் தோண்டி டின்களில் அடைத்து, அம்மாவின் சமையல் தராசில் எடை போட்டு, கேக் சுடும் ஓவனில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, மறுபடியும் எடை போட்டிருக்கிறாள். மின் கட்டணத்தைப் பற்றியும் ஓவனில் ஏறிய மண் வாசத்தைப் பற்றியும் தாய் நிறையவே சொன்னார். ஆய்வகங்களிலும் இதையேதான் செய்கிறார்கள்: 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம். ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன் என்பதால் ஒரு பிழை என் கண்ணில் பட்டது. நூறு கிராம் மண் காய்ந்து 82 கிராம் ஆனதை 18 விழுக்காடு ஈரம் என்று எழுதியிருந்தாள். காய்ந்த எடையால் வகுக்க வேண்டும், அப்போது ஏறக்குறைய 22 என்றேன். உடனே அடித்துத் திருத்தினாள். சற்றுப் பொறுத்து, "இந்த வருஷம் இங்கேயும் மண்ணு ரொம்பக் காய்ஞ்சுதான் கிடக்கு" என்று நான் பொதுவாகச் சொன்னதற்கு, "எத்தனை ஆழத்துல, சார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் மண்ணின் ஈரத்தை ஆராயும் துறை அறிஞர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலர்ந்த மண்ணுக்கும் நீருக்கும் மின்காப்புப் பண்பில் பெரிய வேறுபாடு உண்டு; அதற்கான எண் உலர்ந்த மண்ணுக்கு நான்கை ஒட்டியும் நீருக்கு எண்பதை ஒட்டியும் இருக்கும். ஆகவே, நிலத்திலிருந்து எழும் நுண்ணலை ஈரத்துக்கேற்ப மாறுகிறது; அதை அளந்தே துணைக்கோள் மண்ணின் ஈரத்தைச் சொல்லிவிடுகிறது. ஐரோப்பாவின் ஸ்மோஸ் 2009இலும் அமெரிக்காவின் ஸ்மாப் 2015 ஜனவரியிலும் இதற்கென்றே ஏவப்பட்ட துணைக்கோள்கள். ஸ்மாப்பின் ராடார் ஆறு மாதத்திற்குள் செயலிழந்தது. மற்றொரு கருவியை வைத்துக்கொண்டே பணி தொடர்ந்தது. ஆனால் இவை காண்பது மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணைத்தான். வேர் குடிக்கும் ஆழத்தைக் கணித மாதிரிகளால் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

மலைநாட்டில் இது இன்னும் சிக்கலாகிறது. வடக்குத் தெற்காக நேபாளத்தின் சராசரி அகலம் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. 1978 முதல் பல துணைக்கோள்களின் அளவுகளை இணைத்துத் தொகுத்திருக்கும் நீண்டகாலத் தரவில், ஒரே எண் தரப்படும் ஒரு சதுரக் கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அப்படியானால் தெராய்ச் சமவெளியிலிருந்து பனிமலை வரை ஏழெட்டுக் கட்டங்களுக்குள் நாடே முடிந்துவிடுகிறது. முகடும் பள்ளத்தாக்கும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அன்னபூர்ணாவின் தென்பக்கத்து லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வடபக்கத்தில் மழைமறைவில் கிடக்கும் மேல் முஸ்தாங்கில் 300ஐக்கூட எட்டுவதில்லை. துணைக்கோள் மாறும் ஆண்டில் கருவி வேறுபாட்டால் எண் குதித்தால், மண் காய்ந்துவிட்டது என்று நாம் ஏமாறவும் கூடும். தரையில் ஒருவர் மண்ணைத் தோண்டி எடை போட்டால்தான் எது உண்மை என்று தெரியும்.

காவல்காரர் சொன்னதும் பொய்யில்லை. நேபாளத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. மொத்த மழை குறையாவிட்டாலும், சில நாள்களில் அடித்துப் பெய்தால் சரிவில் ஓடிவிடுகிறது. வெப்பம் கூடினால், நின்ற ஈரத்தையும் காற்று உறிஞ்சிக்கொள்கிறது. 2008-09 குளிர்கால வறட்சியில் அந்நாட்டின் கோதுமை விளைச்சல் 14 விழுக்காடும் வாற்கோதுமை 17 விழுக்காடும் சரிந்தன. பாசன வசதியுள்ள சமவெளியையும் மழையையே நம்பியிருக்கும் படிவயலையும் ஒரே வறட்சி ஒரே மாதிரி தாக்குவதில்லை. யார் எவ்வளவு வறட்சிக்கு ஆட்படுகிறார்கள் என்று கணக்கிடுவதும் இத்துறையின் வேலைதான்.

"நேபாளத்து மண்ணைப் படிச்சு நமக்கு என்ன சார்?" என்றார் தந்தை. இன்று வறட்சி வந்தால் செம்பனையில் ஆண்பூ கூடி, குலை பல மாதம் கழித்துத்தான் குறைகிறது என்பது ஆலையில் இருக்கும் அவருக்குத் தெரியாததல்ல. வேரடியில் ஈரம் எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் வேண்டும். தோட்ட நிறுவனங்களின் வேளாண் பிரிவு, செம்பனை வாரியம், நீர்ப்பாசன வடிகால் துறை, வானிலைத் துறை ஆகிய எல்லா இடங்களிலும் இப்படிப்பட்டவர்களுக்கு வேலை உண்டு. மலைநாடுதான் அவள் ஆசை என்றால், இந்துகுஷ்-இமயமலை நாடுகளுக்காக 1983 முதல் இயங்கும் இசிமோட் என்னும் ஆய்வு மையம் காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் இருக்கிறது.

வழி இதுதான். ஆறாம் படிவத்தில் வேதியியல், இயற்பியல், கணிதம் எடுத்து எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதட்டும்; பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தால் அதுவும் சரி. பிறகு 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கிய செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் படித்து, மண்ணியலில் நிலைக்கலாம். படங்களும் கணினியும்தான் பிடிக்கின்றன என்றால், ஸ்கூடாயிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நிலத் தரவுகளைக் கணினியில் ஆராயும் புவித்தகவலியல் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரிங்கிட். மாமாவின் பட்டியலில் இருந்ததோ பல லட்சம். பொறியியலையும் கணக்கியலையும் பற்றி நான் பேசவில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மகளிடமும் கண்டிப்பாகவே பேசினேன். இத்துறையில் காலி இடங்கள் மருத்துவத்தைப்போல் ஆயிரக்கணக்கில் வருவதில்லை. பட்டத்தோடு நின்றால் போதாமலும் போகலாம். புள்ளியியலைக் கண்டு ஓடினாலோ பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்கச் சோம்பினாலோ இதில் பிழைக்க முடியாது. துணைக்கோள் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளிக் கணினியிலேயே இன்றே தொடங்கலாம். டின் சோதனையை வாரம் ஒருமுறை, இரண்டு ஆழங்களில், ஓராண்டு விடாமல் செய்து, மழை அளவையும் பக்கத்திலேயே எழுதி வரச் சொன்னேன். அம்மாவின் ஓவனைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன். பழைய ஓவன் ஒன்று வாங்கித் தருவது அப்பா பொறுப்பு. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

புறப்படும்போது, அண்ணனிடம் இதை யார் சொல்வது என்று தாய் தயங்கினார். எண்ணைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.